குழந்தைக்குக் காது கேட்கிறதா?

பிள்ளை பிறந்ததும் துடைத்து, துணியில் சுற்றி வாப்பாவின் கையில் கொடுப்பார்கள். அவர் அதன் வலது காதருகே குனிந்து மெல்லிய குரலில் அதான் சொல்வார். என் சாச்சிக்கு மகள் பிறந்தபோது சாச்சாவும் அப்படித்தான் சொன்னார். நான் அப்போது தரம் 7இல் படித்துக்கொண்டிருந்தேன். சாச்சாவின் குரல் இடையில் தழுதழுத்ததும், பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் கிடந்ததும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அந்த அதான் அவளுடைய காதில் விழவேயில்லை என்பது மூன்று வருடங்களுக்குப் பிறகுதான் எங்களுக்குத் தெரியவந்தது.

இந்த மூன்று வருடம் எப்படிப் போனது என்று பல பேர் கேட்கிறார்கள். வீட்டில் இத்தனை பேர் இருந்தும் ஒருவருக்குமா தெரியவில்லை என்கிறார்கள். உண்மையில் தெரியவில்லை. எங்கள் இரத்தோட்டையில் ஐப்பசி மாதத்து இடி எப்படி இருக்கும் என்று ஊரில் இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ரிவஸ்டன் பக்கமிருந்து உருண்டு வந்து தகரக் கூரையின் மேலேயே விழுவது போலிருக்கும். அந்த இடியிலும் அவள் எழும்பமாட்டாள். "நல்ல பிள்ளை, என்ன சத்தத்துக்கும் எழும்பாது" என்று நாங்கள் எல்லாருமே பெருமையாகச் சொன்னோம். கதவை அடித்துச் சாத்தினால் திரும்பிப் பார்ப்பாள். அது சத்தத்துக்கு அல்ல, பலகை நிலத்தின் அதிர்வுக்கு என்று இப்போதுதான் விளங்குகிறது. ஆறு மாதத்தில் மற்றப் பிள்ளைகளைப் போலவே மழலை பேசினாள். செவிப்புலன் இல்லாத குழந்தைகளும் முதலில் மழலை பேசும், பிறகு அது மெல்ல மெல்லக் குறைந்துவிடும். இரண்டு வயதாகியும் பேச்சு வராதபோது, "அவள்ட வாப்பாவும் நாலு வயசிலதான் பேசினான்" என்றார் வாப்பும்மா. காட்டப்போன ஓர் இடத்திலும் கொஞ்சம் பொறுத்துப் பார்க்கத்தான் சொன்னார்கள்.

கடைசியில் கண்டுபிடித்தவர் பாலர் பாடசாலை டீச்சர். அவள் வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து மூன்று தடவை பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார். பிறகு ஒரு தகரப் பேணியைத் தட்டியிருக்கிறார். அன்று பின்னேரமே சாச்சியைத் தனியாக அழைத்துச் சொன்னார். அடுத்த மாதம் பெரிய வைத்தியசாலையில் சோதித்தார்கள். இரண்டு காதிலும் கடுமையான செவிப்புலன் இழப்பு.

அதற்குப் பிறகு வீட்டுக்கு வந்தவர்கள் சொன்ன காரணங்களைக் கேட்டுத்தான் இந்தக் கட்டுரையை எழுத நினைத்தேன். கிரகணத்தன்று சாச்சி வெளியில் இறங்கினாராம். கண்ணூறாம். ஊசி போட்டதால் வந்ததாம். ஒரு பெண், சாச்சி சமையலறையில் நிற்கிறார் என்று தெரிந்தே, "உம்மா கவனமா இருந்திருந்தா" என்று தொடங்கினார். சாச்சி அன்று ஒன்றும் பேசவில்லை. நான் உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறேன். படிக்கும் பாடத்தை வைத்தாவது இதற்கு ஒரு பதில் தேட வேண்டும் என்று தோன்றியது.

முதலில் காதைப் பற்றிக் கொஞ்சம். வெளியே தெரியும் மடல் வெறும் புனல்தான். சத்தம் செவிப்பறையில் பட்டு, அதற்குப் பின்னாலுள்ள மூன்று குட்டி எலும்புகள் வழியாக உட்காதுக்குப் போகிறது. அங்கே இரண்டரைச் சுற்றுச் சுற்றிய, ஒரு பட்டாணி அளவான நத்தைச்சுருள் இருக்கிறது. அதற்குள் ஏறத்தாழ 15,000 மயிர்க்கலங்கள். அதிர்வை மின்கணத்தாக்கமாக மாற்றி நரம்புக்குக் கொடுப்பவை அவைதான். இவை ஒருமுறை அழிந்தால் மனிதரில் மறுபடி முளைப்பதில்லை. (கோழிக்கு முளைக்குமாம். ஆராய்ச்சியாளர்கள் இதை 1980களில் கண்டுபிடித்தார்கள். கோழிக்குக் கிடைத்தது நமக்குக் கிடைக்கவில்லையே என்று வாசித்தபோது ஒரு பொறாமை வந்தது.) வெளிக்காதிலோ நடுக்காதிலோ பழுது வந்தால் பெரும்பாலும் வைத்தியம் செய்து சரியாக்கலாம். உட்காதிலோ நரம்பிலோ வந்தால் அது பெரும்பாலும் நிரந்தரமானது. காரணங்களைப் பற்றிப் பேசும்போது இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

வயிற்றிலிருக்கும் குழந்தைக்கு 20 வாரமளவில் நத்தைச்சுருள் உருவாகிவிடுகிறது. 25 வாரமளவிலிருந்து அது கேட்கத் தொடங்குகிறது. உம்மா ஓதுவதும், பேசுவதும், அம்மி அரைப்பதும் உள்ளே கேட்கிறது. காது உருவாகும் அந்த முதல் மாதங்களில் உம்மாவின் உடலில் என்ன நடக்கிறது என்பது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதும் இதிலிருந்தே விளங்கும்.

உலகம் முழுவதும் 1,000 குழந்தைகள் பிறந்தால் 1 முதல் 3 குழந்தைகள் வரை செவிப்புலன் குறைவோடு பிறக்கின்றன. செல்வந்த நாடுகளில் இவ்வாறு பிறப்பவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்குக் காரணம் பரம்பரையலகு. நமக்கு மிக நெருக்கமான, அதனாலேயே யாரும் வாய்விட்டுப் பேசாத காரணமும் இதுதான். அதனால் இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

மெண்டலின் பட்டாணிச் செடிப் பாடம் நினைவிருக்கிறதா? ஒவ்வோர் இயல்புக்கும் நம்மிடம் இரண்டு பிரதிகள் உண்டு, ஒன்று உம்மாவிடமிருந்து, மற்றது வாப்பாவிடமிருந்து. செவிப்புலனைப் பாதிக்கும் பரம்பரையலகுகளில் மிகப் பெரும்பாலானவை பின்னிடைவானவை. ஒரு பிரதி பழுதாக இருந்தாலும் மற்றது வேலை செய்தால் காது நன்றாகக் கேட்கும். அப்படிப்பட்டவர் காவி. தான் காவி என்று அவருக்கு வாழ்நாள் முழுக்கத் தெரியாது. இரண்டு காவிகள் திருமணம் செய்தால், பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு பழுதான பிரதிகளும் கிடைக்க நான்கில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. அதனால்தான் செவிப்புலனற்ற பிள்ளைகளில் 100க்கு 90க்கு மேற்பட்டோரின் பெற்றோருக்குக் காது நன்றாகக் கேட்கிறது. "எங்க குடும்பத்துல ஒருத்தருக்கும் இப்படி இல்லையே" என்று சொல்வது, பரம்பரைக் காரணம் இல்லை என்பதற்குச் சான்றாகாது. இத்தகைய பரம்பரையலகுகள் நூற்றுக்கு மேல் தெரிந்திருக்கின்றன. அவற்றில் பெயர்பெற்றது கொனெக்சின் 26 என்ற புரதத்துக்குரியது. அதற்கும் செவிப்புலன் இழப்புக்கும் உள்ள தொடர்பு 1997இல் தெரியவந்தது.

சாச்சாவும் சாச்சியும் மச்சான் மச்சினி. அதாவது சாச்சா என் உம்மாவின் மாமா மகன். இது நம் ஊரில் புதிதல்ல. முஸ்லிம்களிடமும் தமிழர்களிடமும் எத்தனையோ தலைமுறையாக இருந்துவரும் வழக்கம். சொந்தத்துக்குள் கொடுத்தால் பெண் கண்ணீர் விடாது என்பார்கள், அதில் உண்மையும் உண்டு. ஆனால் உயிரியல் இங்கே ஒன்றைச் சொல்கிறது. முதல் நிலை மச்சான் மச்சினிக்குப் பொதுவான பாட்டனும் பாட்டியும் இருப்பதால், அவர்களின் பரம்பரையலகுகளில் சராசரியாக எட்டில் ஒரு பங்கு ஒன்றாக இருக்கும். பாட்டன் ஒருவர் அறியாமல் சுமந்த ஒரு பழுதான பிரதி இரண்டு வழியாகவும் இறங்கி வந்து ஒரு பிள்ளையில் சந்திக்க வாய்ப்பு கூடுகிறது.

இதை வைத்து யாரையும் பயமுறுத்த எனக்கு விருப்பமில்லை. இங்கிலாந்தின் பிராட்ஃபோர்ட் நகரில் பாகிஸ்தானிய வம்சாவளிக் குடும்பங்கள் பல வாழ்கின்றன. அங்கு பிறந்த குழந்தைகளைப் பற்றிய ஒரு பெரிய ஆய்வு 2013இல் வெளிவந்தது. பொதுவாக 100 குழந்தைகளில் 3 பேருக்கு இருக்கும் பிறவிக் குறைபாடு, முதல் நிலைச் சொந்தத் திருமணங்களில் 6 பேருக்கு இருந்தது. இரண்டு மடங்கு என்பது உண்மை. மீதி 94 பேர் எந்தக் குறைபாடுமின்றிப் பிறந்தார்கள் என்பதும் உண்மை. என்னைக் கேட்டால், சொந்தத்தில் சம்பந்தம் பேசும்போது இரண்டு பக்கத்திலும் பிறவியிலேயே காது கேளாதவர் யாராவது இருந்தார்களா என்று வெட்கமில்லாமல் கேட்டுவிட வேண்டும் என்பேன். சீதனத்தைப் பற்றி வெட்கமில்லாமல் கேட்கிறோம்தானே! சாச்சியை வைத்தியர் விசாரித்தபோது தொற்று, குறைமாதப் பிறப்பு, செங்கண்மாரி என்று எதுவும் இருக்கவில்லை. பரம்பரைதான் பெரும்பாலும் காரணம் என்றார். கிரகணத்தைப் பற்றி அவர் கேட்கவேயில்லை. காவியாக இருப்பது யாருடைய தவறுமல்ல. சாச்சி சுமந்தது ஒரு பிரதி என்றால், சாச்சா சுமந்ததும் ஒரு பிரதிதான். ஆனாலும் சமையலறைக்குக் கேட்கும்படி பேசியவர்கள் சாச்சாவிடம் போய் ஒன்றும் கேட்கவில்லை.

எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு தாத்தா தையல் தைக்கிறார். எனக்குப் பெருநாள் உடுப்பு எல்லாம் அவர் தைத்தவைதான். அவருக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது. பேசுபவரின் உதட்டைப் பார்த்தே அளவைப் புரிந்துகொள்வார். பிறந்தது 1995இல். அவரை வயிற்றில் சுமந்த மூன்றாம் மாதத்தில் தன் உடம்பில் சிவப்பாகப் போட்டு, இரண்டு மூன்று நாளில் மறைந்ததாக அவருடைய உம்மா சொல்வார். அது என்னவென்று அன்று யாரும் சோதிக்கவில்லை. ஆனால் 1994, 1995 காலத்தில் இலங்கையில் ருபெல்லா பரவியிருந்தது. ஜேர்மன் சின்னமுத்து என்றும் சொல்லும் இந்த நோய், வந்தவருக்குப் பெரிதாக ஒன்றும் செய்யாது. லேசான காய்ச்சல், கொஞ்சம் தழும்பு, அவ்வளவுதான். ஆனால் கர்ப்பத்தின் முதல் 12 வாரத்தில் வந்தால், வயிற்றிலுள்ள குழந்தை பாதிக்கப்படும் வாய்ப்பு 100க்கு 90 வரை போகிறது. கண், இதயம், காது மூன்றையும் அது தாக்கும்.

இதை முதலில் கவனித்தவர் அவுஸ்திரேலியாவின் சிட்னி நகரிலிருந்த நோர்மன் கிரெக் என்ற கண் வைத்தியர். கண்ணில் வெண்புரையோடு பிறந்த குழந்தைகள் திடீரென்று அதிகமாக வந்தபோது அவர் ஏனென்று யோசித்தார். அவருடைய காத்திருப்பு அறையில் இரண்டு தாய்மார் தங்களுக்குக் கர்ப்பத்தின்போது ருபெல்லா வந்த கதையைப் பேசிக்கொண்டது காதில் விழுந்ததாகச் சொல்வார்கள். 78 குழந்தைகளைப் பற்றி அவர் 1941இல் எழுதினார். செய்தி பத்திரிகைகளில் வந்ததும் வேறு தாய்மார் அவரோடு தொடர்புகொண்டு, தங்களுக்கும் கர்ப்பத்தில் அந்த நோய் வந்தது, பிள்ளைக்குக் காது கேட்கவில்லை என்றார்கள். பெண்கள் கூடிப் பேசுவதை வீண் கதை என்று சொல்பவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள். அமெரிக்காவில் 1964, 1965இல் ருபெல்லா பரவியபோது ஏறத்தாழ 20,000 குழந்தைகள் பாதிப்போடு பிறந்தார்கள். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்குக் காது கேட்கவில்லை. 1969இல் அங்கே தடுப்பூசி வந்தது.

இலங்கையில் 1996இல், பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களுக்கு ருபெல்லாத் தடுப்பூசி போடத் தொடங்கினார்கள். 2001இல் 3 வயதுப் பிள்ளைகளுக்குச் சின்னமுத்தும் ருபெல்லாவும் சேர்ந்த ஊசி வந்தது. 2011இல் கூவைக்கட்டையும் சேர்த்த எம்எம்ஆர் ஊசி வந்தது. இப்போது அதை 9 மாதத்திலும் 3 வயதிலும் போடுகிறார்கள். கூவைக்கட்டும் காதைக் கெடுக்கும், பெரும்பாலும் ஒரு பக்கத்தை. இலங்கையிலிருந்து ருபெல்லா ஒழிக்கப்பட்டதாக 2020இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. எங்கள் தையல் தாத்தாவுக்குப் பிறகு எங்கள் தெருவில் அப்படி ஒரு பிள்ளை பிறக்கவில்லை. ஊசியால்தான் காது போனது என்று சாச்சியிடம் சொன்னவரின் மூன்று பிள்ளைகளும் இந்த ஊசி போட்டவர்கள்தான்! 2023இல் நாட்டில் சின்னமுத்து மறுபடி தலைகாட்டியதையும் அவர் மறந்திருக்க மாட்டார்.

ருபெல்லா போய்விட்டது, ஆனால் அதைப் போன்ற இன்னொன்று இருக்கிறது. சைற்றோமெகலோ வைரஸ் என்று நீளமான பெயர். பிறக்கும்போதே செவிப்புலன் இழப்பை உண்டாக்கும் தொற்றுகளில் உலகில் இன்று முதலிடம் இதற்குத்தான். தடுப்பூசி இன்னும் வரவில்லை. சின்னப் பிள்ளைகளின் எச்சிலிலும் சிறுநீரிலும் இது இருக்கும். ஆகவே இரண்டாவது பிள்ளையைச் சுமக்கும் உம்மாமார், மூத்த பிள்ளையின் நப்கினை மாற்றிய பின் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுவதும், அது மென்று மிச்சம் வைத்ததைத் தாம் சாப்பிடாமல் விடுவதும் நல்லது. சில குழந்தைகள் பிறக்கும்போது நன்றாகக் கேட்டு, பிறகு மெல்ல இழப்பதும் இந்த வைரஸால் நடக்கிறது.

பிறந்த முதல் நாட்களில் வரும் செங்கண்மாரியை நம் வீடுகளில் யாரும் பெரிதாக எடுப்பதில்லை. பெரும்பாலும் அது தானாகவே போய்விடும். ஆனால் பிலிரூபின் மிக அதிகமாகக் கூடினால் அது மூளையிலும் செவி நரம்பிலும் படியும். நத்தைச்சுருள் வேலை செய்யும், ஆனால் செய்தி மூளைக்குச் சரியாகப் போகாது. இங்கிலாந்தின் ரொச்ஃபோர்ட் வைத்தியசாலையில் ஜீன் வார்ட் என்ற தாதி, 1956இல், வெயிலில் வைத்த குழந்தையின் தோலில் மஞ்சள் குறைவதைக் கவனித்தார். அதிலிருந்துதான் நீல வெளிச்ச வைத்தியம் பிறந்தது. "அப்படியென்றால் முற்றத்தில் வெயில் காட்டினால் போதுமே" என்பார்கள். போதாது. எவ்வளவு வெளிச்சம், எவ்வளவு நேரம் என்பதை இரத்தத்தைச் சோதித்துத்தான் தீர்மானிக்கிறார்கள். எங்கள் ஊரில் வெயில் வருவதற்குள் மழை வந்துவிடும் என்பது வேறு கதை. மஞ்சள் முதல் 24 மணித்தியாலத்துக்குள் வந்தாலோ, உள்ளங்கை, உள்ளங்கால் வரை பரவினாலோ, பிள்ளை பால் குடிக்காமல் சோர்ந்து கிடந்தாலோ உடனே கொண்டுபோக வேண்டும்.

குறைமாதத்தில் பிறந்தவை, மிகக் குறைந்த எடையோடு பிறந்தவை, பிறக்கும்போது மூச்சுத் திணறியவை, தீவிர சிகிச்சையில் இருந்தவை ஆகிய குழந்தைகளுக்கும் ஆபத்து அதிகம். ஜென்டமைசின் போன்ற சில மருந்துகளும் மயிர்க்கலங்களைப் பாதிக்கலாம். உம்மா வழியாக மட்டுமே வரும் ஒரு மாற்றம் உள்ளவர்களுக்குச் சிறிய அளவே போதும். ஆனால் குழந்தையின் உயிரைக் காப்பாற்றத்தான் அந்த மருந்தைக் கொடுக்கிறார்கள், வேண்டாம் என்று மறுத்துவிடாதீர்கள். மருந்து கொடுத்த பிள்ளையின் காதைப் பிறகு சோதிக்கச் சொல்லுங்கள். மூளைக்காய்ச்சல் வந்து குணமான பிள்ளைக்கும் அப்படியே, அதுவும் தாமதிக்காமல். 2008இல் நம் நாட்டில் அறிமுகமான ஐந்து நோய்த் தடுப்பூசியில் ஹிப் என்ற பற்றீரியாவுக்கு எதிரான பகுதியும் இருக்கிறது. அந்தக் கிருமியால் வரும் மூளைக்காய்ச்சலை அது தடுக்கிறது.

இனி, நம் ஊர்க் காதுகளின் அன்றாடக் கதை. நடுக்காதிலிருந்து தொண்டைக்குப் போகும் ஊத்தேக்கியாவின் குழாய் சின்னப் பிள்ளைகளில் குட்டையாகவும் கிடையாகவும் இருக்கும். தடிமன் பிடித்தால் கிருமி நேராக மேலே ஏறிவிடும். குளிரும் ஈரமும் உள்ள இடத்தில், ஒரே அறையில் ஆறு பேர் படுக்கும் வீட்டில், தடிமனுக்கு என்ன குறை? விறகடுப்புப் புகையும் சிகரட் புகையும் இதைக் கூட்டும். பிள்ளையை மல்லாக்கப் படுக்கவைத்துப் போத்தல் பால் கொடுப்பதும் கூட்டும். தாய்ப்பால் குறைக்கும். காதில் சீழ் வடிந்தால் "பல் முளைக்குது" என்று விட்டுவிடுகிறார்கள். நெடுநாள் வடிந்தால் செவிப்பறையில் ஓட்டை நிலைத்துவிடும். சீழே வராமல் உள்ளே பசை போல் நீர் தேங்கி நிற்பதும் உண்டு. அப்போது வலியிருக்காது, பிள்ளைக்குப் பாதிதான் கேட்கும். வகுப்பில் அவனைக் கவனமில்லாதவன் என்பார்கள். இது வைத்தியத்தால் சரியாகக்கூடியது.

காது வலி என்றதும் வெள்ளைப்பூடு போட்டுக் காய்ச்சிய தேங்காய் எண்ணெயை விடுவது எங்கள் வீட்டிலும் நடந்ததுதான். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் அது நேரே நடுக்காதுக்குள் போகும். சூடு கூடினால் சுட்டுவிடும். இன்னொன்று இந்த ஊருக்கே உரியது. முற்றத்தில் மிளகு காயப்போடும் காலத்தில் என் தம்பி ஒரு மணியைக் காதுக்குள் போட்டுக்கொண்டான். உம்மா தலைமயிர் ஊசியால் எடுக்கப்போக அது இன்னும் உள்ளே போனது. வைத்தியசாலையில் இரண்டு நிமிடத்தில் எடுத்துவிட்டார்கள். உம்மாவுக்குத்தான் அரை மணித்தியாலம் அறிவுரை கிடைத்தது.

சிறுவர்களின் செவிப்புலன் இழப்பில் ஏறத்தாழ 100க்கு 60 தவிர்க்கக்கூடிய காரணங்களால் வருகிறது என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. மீதியைத் தவிர்க்க முடியாவிட்டாலும் முன்கூட்டியே கண்டுபிடிக்கலாம். 1 மாதத்துக்குள் சோதனை, 3 மாதத்துக்குள் உறுதிப்படுத்தல், 6 மாதத்துக்குள் செவிப்புலன் கருவியோ வேறு உதவியோ என்று உலகில் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். மூளை மொழியைப் பிடிப்பது முதல் சில வருடங்களில்தான் என்பதே இந்த அவசரத்துக்குக் காரணம். சோதனைக்கு ஊசியில்லை, வலியில்லை. ஆரோக்கியமான காது சத்தத்தைக் கேட்பதோடு, மிக மெல்லிய சத்தத்தைத் தானும் உண்டாக்குகிறது என்று லண்டனில் டேவிட் கெம்ப் 1978இல் கண்டார். தூங்கும் குழந்தையின் காதில் சிறிய குமிழைச் செருகி அந்தச் சத்தம் திரும்பி வருகிறதா என்று பார்ப்பார்கள். தலையில் ஒட்டிய கம்பிகளால் நரம்பின் செய்தியை அளக்கும் சோதனையும் உண்டு. சாச்சியின் மகளுக்கு இரண்டையும் செய்தார்கள். இரண்டின்போதும் அவள் நன்றாகத் தூங்கினாள்.

வீட்டில் பார்க்கவேண்டியதும் இருக்கிறது. பிறந்த குழந்தை திடீர்ச் சத்தத்துக்குத் திடுக்கிட வேண்டும். 6 மாதத்தில் சத்தம் வந்த பக்கம் தலையைத் திருப்ப வேண்டும். 1 வயதில் பெயர் சொன்னால் திரும்ப வேண்டும். சோதிக்கும்போது பிள்ளையின் கண்ணுக்குத் தெரியாமல், நிலம் அதிராமல், காற்றுப் படாமல் செய்யுங்கள். நாங்கள் ஏமாந்த இடம் அதுதான். கிளினிக்கில் தந்த பிள்ளையின் பதிவேட்டில் பார்வையையும் கேட்டலையும் பற்றிய கேள்விகள் இருக்கின்றன. சாச்சியின் புத்தகத்தில் நிறை வரைபடம் அழகாகப் புள்ளியிட்டு நிரம்பியிருந்தது. அந்தக் கேள்விகளை வீட்டில் யாரும் வாசித்ததில்லை. இப்போது பக்கத்து வீடுகளில் பிள்ளை பிறந்தால் நான் போய் முதலில் திருப்புவது அந்தப் பக்கத்தைத்தான். "டொக்டர் வந்திட்டா" என்று பகிடி பண்ணுகிறார்கள், பண்ணட்டும்.

அவளுக்கு இப்போது 5 வயது. இரண்டு காதிலும் கருவி. முதல் நாள் அதைப் போட்டபோது பயந்து அழுது கழற்றி எறிந்தாள். இப்போது குளிக்கும்போதும் படுக்கும்போதும் தவிரக் கழற்றுவதில்லை. மூன்று வருடத்தைத் திரும்பப் பிடிக்க அவள் நிறைய ஓட வேண்டியிருக்கிறது. கிழமைதோறும் பேச்சுப் பயிற்சிக்காகச் சாச்சி அவளைப் பஸ்ஸில் கூட்டிப்போகிறார். "தாத்தா" என்று என்னைக் கூப்பிடுவதில் இரண்டாவது "தா" இன்னும் முழுதாக வருவதில்லை. தையல் தாத்தாவோடு அவள் கையாலேயே மணிக்கணக்காகப் பேசுகிறாள், அவர்கள் சிரிப்பது ஏனென்று எங்களுக்கு விளங்குவதில்லை.

சாச்சிக்கு இப்போது ஏழு மாதம். நான்கில் ஒன்று என்ற கணக்கு ஒவ்வொரு பிள்ளைக்கும் புதிதாகத் தொடங்குகிறது, முதல் பிள்ளைக்கு வந்ததால் அடுத்ததற்கு வராது என்றில்லை. சாச்சியிடம் இதைச் சொல்ல எனக்குத் தயக்கமாக இருந்தது. சொன்னபோது, "எனக்குத் தெரியும் மகள், டொக்டர் சொன்னார்" என்றார். பிள்ளை பிறந்து முதல் மாதத்திலேயே காதைச் சோதிக்க இப்போதே கேட்டு எழுதி வைத்திருக்கிறார். சாச்சா இந்தத் தடவையும் வலது காதருகே குனிந்து அதான் சொல்வார். அது கேட்டதா என்று ஒரு மாதத்துக்குள் எங்களுக்குத் தெரிந்துவிடும், இன்ஷா அல்லாஹ்.